“இந்த வாரம் உங்கள் பேப்பரை 12 பேர் படித்தார்கள்”: ஆய்வாளர்களுக்கான சமூக ஊடகங்கள், ஒரு பயனரின் ரிவ்யூ

திங்கட்கிழமை காலை மெயிலைத் திறந்தால் மேலே நிற்பது மாணவர் அனுப்பிய வரைவும் இல்லை, இதழாசிரியரின் பதிலும் இல்லை. “வாழ்த்துகள், இந்த வாரம் உங்கள் பேப்பரை 12 பேர் படித்தார்கள்” என்று ஒன்று. யார் அந்தப் பன்னிரண்டு பேர், எதற்குப் படித்தார்கள், முழுசாகப் படித்தார்களா என்று ஒன்றும் தெரியாது. ஆனாலும் மனசு ஒரு நொடி குளிர்ந்துவிடுகிறது, பொய் சொல்வானேன்.

நான் மண் நுண்ணுயிரியலில் வேலை செய்கிறேன். பிஎச்டி இரண்டாம் வருஷத்தில் கைடு கூப்பிட்டு, “எல்லா இடத்திலும் ஒரு கணக்கு தொடங்கி வைத்துக்கொள், இல்லாவிட்டால் நீ இருப்பதே யாருக்கும் தெரியாது” என்றார். அவருக்கு அதில் ஒன்றில்கூடக் கணக்கு கிடையாது என்பது வேறு விஷயம். அன்றைக்குத் தொடங்கியது, இப்போது ஏழெட்டு இடத்தில் என் பழைய போட்டோ சிரித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக ஆய்வுக்கு வருகிற பிள்ளைகள் “எதில் சேரலாம்?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை எல்லாமே “உலகம் உங்களைப் படிக்கும்” என்று சொல்லித்தான் நம்மைக் கூப்பிடுகின்றன, அந்த வேலையில் எல்லாமே சுமார்தான். நாம் மற்றவர்களைப் படிக்கவும், மாட்டிக்கொண்ட இடத்தில் ஒருவரைக் கேட்கவும் என்றால், அங்கே ஒன்றிரண்டு உண்மையிலேயே தேறும்.

முதலில் ரிசர்ச்கேட், ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை ஏற்றிப் பகிர்ந்துகொள்ளும் தளம். 2008ல் தொடங்கியது, பெர்லினில் இருந்து நடக்கிறது, தொடங்கிய மூவரில் ஒருவரான இஜாத் மதிஷ் ஒரு மருத்துவர். பேப்பரின் தலைப்பைத் தேடுகிற யாரும் இதில் வந்து விழாமல் தப்பிக்க முடியாது. மேலே சொன்ன “படித்தார்கள்” கணக்கை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்த எண்ணை மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தளத்தில் ஒருவர் உங்கள் கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் இருக்கிற பக்கத்தைத் திறந்தாலே அது ஒரு ‘ரீட்’. ஒரு படத்தைச் சொடுக்கினாலும் ரீட். முழுக் கட்டுரையை இறக்கிக்கொண்டாலும் அதே ரீட்தான். அதாவது கடை வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் பார்த்தவனையும் உள்ளே வந்து வாங்கியவனையும் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள். முன்பு ஆர்ஜி ஸ்கோர் என்று இன்னொரு எண்ணும் இருந்தது, எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது வெளியே யாருக்கும் புரியாது, கேள்வி பதில் பகுதியில் சுறுசுறுப்பாக இருந்தாலே ஏறும். 2022ல் அதை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

ஆனால் இதில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதற்காகவே கணக்கை வைத்திருக்கிறேன். முழுக் கட்டுரை கேட்கும் பொத்தான். சந்தா கட்டாத நூலகத்தில் இருக்கும் ஒரு மாணவர் அதை அழுத்தினால் எனக்கு வேண்டுகோள் வரும், நான் தனிப்பட்ட முறையில் ஒரு பிரதி அனுப்பிவிடலாம். பழைய காலத்தில் அஞ்சலட்டை போட்டு மறுபிரதி கேட்பார்களாம், அதே மரியாதைதான், தபால்தலை மட்டும் இல்லை. இப்படிக் கேட்டவர்களில் இரண்டு பேர் பின்னால் கடிதத் தொடர்புக்கு வந்து, ஒருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரையே எழுதியாயிற்று. பன்னிரண்டு ரீட்களை விட இந்த ஒரு வேண்டுகோள் பெரிசு.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் முதல் நாளில் சொல்லித்தருவதில்லை. நீங்கள் எழுதியது என்பதால் எந்த பிடிஎஃப்பையும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. சக ஆய்வாளர்களின் ரிவ்யூவுக்கு முன்னால் இருந்த வரைவு (ப்ரீபிரின்ட்), ரிவ்யூ முடிந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப்படி, பதிப்பகம் பக்கம் அமைத்து வெளியிட்ட வடிவம் என்று மூன்று உண்டு. பல பதிப்பகங்கள் முதலாவதற்கு ஒன்றும் சொல்வதில்லை, இரண்டாவதற்கு இத்தனை மாசம் பொறு என்பார்கள், மூன்றாவதைத் தொட்டால்தான் வம்பு. எல்சேவியர் பதிப்பகமும் அமெரிக்க வேதியியல் கழகமும் சேர்ந்து 2017ல் ஜெர்மனியிலும் அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் ரிசர்ச்கேட் மீது வழக்கே போட்டார்கள், 2023ல்தான் சமாதானமாகப் போனார்கள். நான் பக்கம் அமைத்த வடிவத்தை ஏற்றி, ஒரு நாள் “உங்கள் கோப்பு நீக்கப்பட்டது” என்று அறிவிப்பு வந்து வாங்கிக்கட்டிக்கொண்டவன், தப்பு என்னுடையது. இப்போது ப்ரீபிரின்ட்டை மட்டும் ஏற்றுகிறேன். பத்திரிகை என்ன அனுமதிக்கிறது என்று ஷெர்பா ரோமியோ (இப்போது பெயர் ஓப்பன் பாலிசி ஃபைண்டர்) தரவுத்தளத்தில் இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம், அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்க ஆள்தான் இல்லை.

அகாடமியா டாட் இடியூ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெயரைப் பார்த்து ஏதோ பல்கலைக்கழகம் நடத்துகிற சேவை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. ரிச்சர்ட் பிரைஸ் 2008ல் தொடங்கிய தனியார் நிறுவனம் அது. அந்த இடியூ முகவரி, கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்ற விதி 2001ல் வருவதற்கு முன்னாலேயே பதிவானது என்பதால் தப்பித்தது. மானுடவியல், வரலாறு, தொல்லியல் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் சரக்கு நிறைய உண்டு, எங்கள் மாதிரி ஆய்வகத்து ஆட்களுக்குக் குறைவு. யார் உங்களைப் பற்றிக் குறிப்பிட்டார் என்பதை முழுசாகப் பார்க்கக் கட்டணம் கேட்பார்கள். கட்டத் தேவையில்லை, கூகுள் ஸ்காலரில் உங்கள் பெயருக்கு ஒரு அலர்ட் வைத்தால் இலவசமாகவே மெயில் வரும். மெண்டலே என்று ஒன்றிலும் ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் குழு குழுவாக இருந்தார்கள். 2013ல் எல்சேவியர் வாங்கியது, இன்று அதை மேற்கோள் பட்டியல் அடுக்கும் மென்பொருளாகத்தான் எல்லோரும் திறக்கிறோம்.

சரி, ட்விட்டருக்கு வருவோம். இப்போது எக்ஸ். விரல் இன்னும் பழைய பெயரைத்தான் அடிக்கிறது.

இதைப் பற்றி இன்று குறை சொல்வது சுலபம், ஆனால் அது கொடுத்ததையும் சொல்லவேண்டும். ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். களிமண் மாதிரியிலிருந்து டிஎன்ஏ பிரித்து வைத்திருக்கிறேன், அளவு பார்த்தால் நன்றாக இருக்கிறது, அதைப் பெருக்கும் பிசிஆர் போட்டால், டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் பட்டை ஜெல்லில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது முறை. கூடவே போட்ட, நிச்சயம் வரும் என்று தெரிந்த கண்ட்ரோல் மட்டும் பளிச்சென்று வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கடுப்பில் ஜெல் படத்தைப் போட்டு, “மண்ணுக்கு என் மேல் என்ன கோபமோ” என்கிற தொனியில் இரண்டு வரி எழுதினேன். இருபது நிமிஷம். வேறொரு கண்டத்தில் இருக்கிற, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார்: “260/230 விகிதம் எவ்வளவு?” டிஎன்ஏ எவ்வளவு சுத்தம் என்று காட்டும் எண் அது. சொன்னேன், ரொம்பக் குறைவு. “அப்படியானால் மண்ணில் இருக்கிற ஹியூமிக் அமிலம் கூடவே வந்திருக்கிறது, நொதியை அதுதான் முடக்குகிறது. டிஎன்ஏவைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்துப் போட்டுப் பாருங்கள், அப்புறம் பிஎஸ்ஏ புரதம் கொஞ்சம் சேருங்கள்.” மறுநாள் காலையில் பட்டை வந்தது. இதெல்லாம் பாடநூலில் இல்லாத விஷயம் இல்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு எந்தப் பாடநூல் என்னிடம் “விகிதம் எவ்வளவு?” என்று திருப்பிக் கேட்கும்?

எங்கள் துறைக்காரர்களுக்கு இந்த ஊடகத்தின் பலம் என்ன என்று முதலில் காட்டியது ஆர்செனிக் விவகாரம்தான். 2010 டிசம்பரில் நாசா பத்திரிகையாளர் கூட்டம் வைத்து அறிவித்தது: கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா பாஸ்பரசுக்குப் பதில் ஆர்செனிக்கை வைத்து வளர்கிறது, டிஎன்ஏவிலேயே அதைச் சேர்த்துக்கொள்கிறது என்று. கட்டுரை சயின்ஸ் இதழில். இரண்டே நாளில் ரோஸி ரெட்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியலாளர் தன் வலைப்பதிவில் பிரித்துப் போட்டார். டிஎன்ஏவைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை, வளர்ப்பு ஊடகத்தில் கலந்திருந்த பாஸ்பேட்டே அந்த அளவு வளர்ச்சிக்குப் போதும் என்று. ட்விட்டரில் #ஆர்செனிக்லைஃப் என்று ஹேஷ்டேக்கே உருவானது. இப்படி வெளியில் பேசமாட்டோம், முறைப்படி இதழில் வரட்டும் என்பது கட்டுரையாளர்கள் தரப்பு. வந்தது. ரெட்ஃபீல்ட் தன் மறுசோதனையையும் வலைப்பதிவில் எல்லோரும் பார்க்கவே செய்தார், 2012ல் சயின்ஸே மறுப்புக் கட்டுரைகள் இரண்டை வெளியிட்டது, மூலக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில், அதுவும் எழுதியவர்களின் ஆட்சேபணையோடு. இரண்டு நாளில் வெளியே பேசப்பட்ட குறை பதிவேட்டில் ஏற பதினான்கரை வருஷம். இதைச் சொல்லிவிட்டு “ஆகவே ட்விட்டரே நீதிமன்றம்” என்று போகமாட்டேன். ஏனென்றால் அதே கூட்டம் ஒரு முனைவர் பட்ட மாணவரின் சின்னப் புள்ளியியல் தவறை இரண்டு நாள் கிழித்துத் தொங்கவிட்டதையும் பார்த்திருக்கிறேன். கட்டுரையில் குறை கண்டால் நான் இப்போது முதலில் ஆசிரியருக்கு மெயில் போடுகிறேன், பதில் இல்லையென்றால், வெளியான கட்டுரைகளைப் பற்றிக் கருத்து எழுதும் பப்பியர் தளத்தில் எழுதுகிறேன். அங்கே கருத்து கட்டுரையோடேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், நாலு நாளில் கீழே போய்விடாது.

இனி “உலகம் உங்களைப் படிக்கும்” என்ற விளம்பரத்துக்கு. என் ஒரு கட்டுரைக்கு ஒன்பது ட்வீட் நீள த்ரெட் போட்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போனது, படம் வரைந்து, நகைச்சுவை சேர்த்து, கடைசியில் இணைப்பு. ஆயிரக்கணக்கில் பார்வை, நூற்றுக்கணக்கில் லைக். இணைப்பைத் திறந்தவர்கள் நாற்பது சொச்சம், அதில் பாதி எங்கள் ஆய்வகத்து ஆட்களாகத்தான் இருக்கும். அதிகம் ஓடியது எது தெரியுமா, மூன்றாவது ட்வீட்டில் மண்புழு பற்றி நான் அடித்த ஜோக். கட்டுரையில் மண்புழுவே கிடையாது.

இது என் ஒருத்தன் கதை என்று தள்ளிவிடலாம் என்றால், கட்டுப்பாட்டோடு செய்த சோதனையும் இருக்கிறது. பின்தொடர்வோர் நிறைய உள்ள விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்து, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கட்டுரைகளை மட்டும் ட்வீட் செய்து, ட்வீட் செய்யாதவற்றோடு ஒப்பிட்டார்கள். 2024ல் பிளோஸ் ஒன் இதழில் வந்தது. ட்வீட் போட்டதும் பதிவிறக்கங்கள் கூடின, இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது என்று காட்டும் ஆல்ட்மெட்ரிக் எண் கூடியது, மூன்று வருஷம் கழித்து மற்ற கட்டுரைகள் தந்த மேற்கோள்களை எண்ணினால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதிகம் ட்வீட் ஆன கட்டுரைகள் அதிகம் மேற்கோள் பெறுகின்றன என்று முன்பு வந்த ஆய்வுகள் பொய் இல்லை. நல்ல கட்டுரை இரண்டையும் பெறும், அவ்வளவுதான். ட்வீட் போட்டதால் மேற்கோள் வந்தது என்பது மழை பெய்ததற்குக் குடைதான் காரணம் என்கிற கதை. பட்டிமன்றத்துக்கு வேண்டுமானால் உதவும் இன்னொன்று: 2014ல் நீல் ஹால் என்ற மரபணுவியலாளர் ஜீனோம் பயாலஜியில் விளையாட்டாக ‘கர்தாஷியன் குறியீடு’ என்று ஒன்றை எழுதினார், பின்தொடர்வோர் எண்ணிக்கையை மேற்கோள்களோடு ஒப்பிட்டு. 5க்கு மேல் போனால் ட்விட்டரை மூடிவிட்டுப் பேப்பர் எழுதப் போங்கள் என்பது அவர் புத்திமதி. அப்போது நான் 0.3ல் இருந்தேன், எதற்கும் பயமில்லை.

வேலைக்கு ஆபத்து உண்டா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்டு. ஸ்டீவன் சலைட்டாவுக்கு இல்லினாய் பல்கலைக்கழகம் கொடுத்த பேராசிரியர் வேலை 2014ல் அவருடைய ட்வீட்களால் கைவிட்டுப் போனது, பழைய வேலையை விட்டுவிட்டு வந்த பிறகு. “கருத்துகள் என் சொந்தக் கருத்துகள்” என்று பயோவில் எழுதினால் கவசம் மாதிரி என்று நினைக்காதீர்கள், அது நெற்றியில் எழுதிக்கொண்ட தாயத்து. எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் நிறுவனத்தின் சமூக ஊடக விதியை, அப்படி ஒன்று இருந்தால், ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் இடத்தில் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு ஐந்தாம் வருஷம்தான் தெரிந்தது.

மாநாடுகளில் ஸ்லைடைப் படமெடுத்துப் போடுவது தனி வழக்கு. பேசுகிறவர் முதல் ஸ்லைடில் ‘படம் வேண்டாம்’ குறி போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. போடாவிட்டால் கேட்டுவிட்டுப் போடுங்கள். என் மாணவி ஒருத்தியின் போஸ்டரில் இருந்த, இன்னும் வெளியாகாத வரைபடம் மதிய உணவு முடிவதற்குள் யாரோ ஒருவரின் கணக்கில் ஏறிவிட்டது. பாராட்டித்தான் எழுதியிருந்தார், மனுஷர் நல்லவர், கேட்டதும் எடுத்துவிட்டார். ஆனால் அந்தப் பெண் அன்று மாலை வரை போஸ்டர் பக்கத்தில் நிற்கவில்லை.

2022 அக்டோபரில் ட்விட்டரின் உரிமையாளர் மாறியதும் ஆட்கள் கிளம்பத் தொடங்கினார்கள். மறுவருஷம் நேச்சர் இதழ் எடுத்த கருத்துக்கணிப்பில் பதில் சொன்ன விஞ்ஞானிகளில் பாதிக்கு மேல் அங்கே செலவிடும் நேரத்தைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார்கள், முற்றிலும் நிறுத்தியவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. என் அனுபவமும் அதேதான், யாரும் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகவில்லை, மெல்ல மெல்லப் பேச்சு நின்றுவிட்டது. ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தரவு கொடுத்துவந்த வழியையும் 2023ல் அடைத்துவிட்டார்கள், சமூகவியல் பக்கம் அதை நம்பி ஆய்வு வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

ட்விட்டருக்கு மாற்றாகப் போன இடங்களில் மாஸ்டடான் எனக்குப் பிடித்திருந்தது, ஒரே நிறுவனம் இல்லாமல் பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் சேர்ந்தது அது. பிடித்திருந்தது என்று இறந்த காலத்தில் எழுதும்போதே தெரிந்திருக்கும். 500 எழுத்து கிடைக்கும், விளம்பரம் இல்லை, வரிசை நேரப்படி மட்டும், யாரையும் தூக்கி முன்னால் நிறுத்தாது. பேச்சு நிதானமாக இருக்கும். ஆனால் சேருகிற அன்றே “எந்த சர்வர்?” என்ற கேள்வியில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். நான் சேர்ந்த சின்ன சர்வரை ஒரு தன்னார்வலர் தன் கைக்காசில் நடத்திக்கொண்டிருந்தார், முடியவில்லை, மூன்று மாசம் முன்னாலேயே சொல்லிவிட்டு மூடினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பின்தொடர்வோரைப் புது வீட்டுக்கு அழைத்துப் போகலாம், எழுதியது கூட வராது. வீடு மாற்றும்போது சொந்தபந்தம் வந்துவிட்டது, பீரோ அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது தினசரி நான் திறப்பது புளூஸ்கை, ட்விட்டர் மாதிரியே இன்னொன்று. 2024 பிப்ரவரி வரை அழைப்பு இருந்தால்தான் நுழையலாம், அதன் பிறகு திறந்துவிட்டார்கள். 300 எழுத்து. இதில் இரண்டு விஷயம் ஆய்வாளர்களுக்கென்றே தைத்த மாதிரி. ஒன்று ஸ்டார்ட்டர் பேக்: யாரோ ஒரு புண்ணியவான் மண் நுண்ணுயிரியல் ஆட்களைத் தொகுத்து வைத்திருந்தார், ஒரே தட்டில் தொண்ணூறு பேரைப் பின்தொடர்ந்துவிட்டேன், ட்விட்டரில் அது சேர மூன்று வருஷம் ஆனது. இரண்டாவது, சொந்த இணைய முகவரியையே பயனர் பெயராக வைத்துக்கொள்ளலாம். துறையின் முகவரியில் ஒருவர் எழுதினால் அவர் அங்கே இருப்பவர்தான் என்று தெரிந்துவிடும். குறை? எல்லோரும் நம் ஆட்கள். விவசாயி இல்லை, பள்ளி ஆசிரியர் இல்லை, தோட்டம் போடுகிற பாட்டி இல்லை. ட்விட்டரில் மண் மாதிரியைப் பற்றி எழுதினால் “எங்கள் தோட்டத்து மண்ணும் இப்படித்தான்” என்று யாராவது வருவார்கள், இங்கே மூன்று பேர் முறையியலைச் சரிபார்ப்பார்கள்.

லிங்க்ட்இன்: எல்லோரும் மகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். கல்வித்துறைக்கு வெளியே வேலை தேடும் மாணவர்களுக்கு அவசியம். மற்றவர்கள் வருஷம் இரண்டு தடவை போய்த் தூசி தட்டினால் போதும்.

சமூக ஊடகம் இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு: ஆர்கிட், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தனி அடையாள எண். 2012லிருந்து இருக்கிறது, இலவசம், 16 இலக்க எண். என் பெயரில், அதே முதலெழுத்தோடு, வேறு துறையில் இன்னொருவர் இருக்கிறார். ஒரு தளம் (பெயர் வேண்டாம்) அவருடைய கட்டுரைகளை என் பக்கத்தில் ஏற்றிவிட்டு, நான்தான் எழுதினேனா என்று வாராவாரம் கேட்டது, இல்லை என்று சொன்ன பிறகும் கேட்டது. பல் மருத்துவத்தில் நான் எழுதியதாக நாலு பேப்பர் இன்னும் எங்கோ கிடக்கின்றன. எத்தனை தளம் வந்து போனாலும் எல்லாவற்றின் பயோவிலும் அந்த எண்ணைப் போட்டு வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கடைசியாக, எக்ஸ் கணக்கை மூடப்போகிறவர்கள் முதலில் அமைப்புகளுக்குள் போய் உங்கள் காப்பகத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். உடனே வராது, தயாரானதும் அறிவிப்பு வரும், ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். என்னுடையது போன மாசம் வந்தது. திறந்து முதல் வேலையாக ‘ஹியூமிக்’ என்று தேடினேன். என் ஜெல் படம் இருந்தது. “ரொம்பக் குறைவு” என்று நான் சொன்ன பதில் இருந்தது. மறுநாள் காலை 7.40க்கு “நன்றி, பட்டை வந்துவிட்டது” என்று நான் எழுதியதும் இருந்தது. மற்றவர்கள் நமக்குப் போட்ட பதில்கள் காப்பகத்தில் வராது. பத்தில் ஒரு பங்கு, பிஎஸ்ஏ என்று அவர் சொன்னது அதில் இல்லை, அவர் கணக்கும் இப்போது இல்லை.